ஸ்டெப்னியைப் பிடுங்கும் முன் பஞ்சர் கடைக்கு ஒரு கருவி

டேஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்கு எரிந்தால் காற்று அடித்துக்கொண்டே போகிறவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். டயரைக் குறுக்கே வெட்டிய மாதிரி ஒரு வளைவு, நடுவில் ஓர் ஆச்சரியக்குறி. கம்பெனி சொன்ன 33 பி.எஸ்.ஐ. இருந்தும் அணையவில்லையா? 36 வை. அதற்கும் அணையவில்லையா? 40 வை. அப்போதும் எரிந்தால் விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டு. காற்று கூடிப்போன டயர் நடுப்பகுதியில் மட்டும் தேயும், ஈரத் தார்ச்சாலையில் பிடி குறையும், பள்ளத்தில் இறங்கினால் ரிம்மையும் சேர்த்து அடி வாங்க வைக்கும். விளக்கை அணைக்கப் போய் டயரைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

என் தங்கை மகன் மூங்கில்துறைப்பட்டில் வாடகைக் கார் ஓட்டுகிறான். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை, சனி ஞாயிறில் கல்வராயன் மலை, நடுநடுவே கல்யாணம், ஆஸ்பத்திரி, பாண்டிச்சேரி. சமீபத்தில் வெளியூரில் ஒரு கடையில் பழைய வீல்களைக் கொடுத்துவிட்டுப் புது அலாய் போட்டுக்கொண்டு வந்தான். வண்டி ஊருக்குள் நுழைவதற்குள் விளக்கு எரிந்துவிட்டது. "மாமா, நாலு டயரும் புதுசு, நாலுலயும் காத்து கரெக்டா இருக்கு. எதுக்கு எரியுது?" என்று கேட்டுக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

அவன் என்னிடம் வந்ததற்குக் காரணம் உண்டு. நான் இங்குள்ள கூட்டுறவு சர்க்கரை ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கரும்புச் சக்கையில் எரியும் பாய்லரின் அழுத்தம், நீராவியின் வெப்பம், கொதிகலன் தண்ணீரின் மட்டம் என்று முள்ளும் எண்ணும் காட்டுகிற எல்லாம் எங்கள் பொறுப்பு. அரவை முடிந்து ஆஃப் சீசன் வந்தால் பிரஷர் கேஜ்களைக் கழற்றி டெட் வெயிட் டெஸ்டரில் ஏற்றி, வைத்த எடைக்கு முள் சரியாக நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். திரும்ப மாட்டிய பிறகும் வேலை முடியாது. பாய்லர் மேலே இருக்கிற கருவி சொல்வதும் கீழே பேனல் காட்டுவதும் ஒன்றா என்று ஆள் நிறுத்திக் குரல் கொடுத்துச் சரிபார்த்த பிறகுதான் கையெழுத்து. கார் வீல் மாற்றும் கடைகளில் அந்தப் பின்பாதி வேலை கிடையாது. வீலை மாட்டுவார்கள், பேலன்ஸ் பார்ப்பார்கள், பில் போடுவார்கள். புது வீலில் இருப்பதும் கார் அறிந்திருப்பதும் ஒன்றா என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

விளக்கு எரியும் விதத்தை முதலில் பார்க்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் சும்மா வந்து நிலையாக எரிந்தால் ஏதோ ஒரு டயரில் காற்று குறைவு என்று பொருள். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் சிமிட்டிவிட்டு அப்புறம் நிலைத்தால், காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சென்சாரிடமிருந்து பேச்சு வரவில்லை என்று கார் சொல்கிறது. பெரும்பாலான கார்களில் கணக்கு இதுதான். கையேட்டில் அச்சடித்தும் இருக்கும், ஆங்கிலத்தில். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்திருந்தால் ஊரில் பாதிப் பேர் 40 பி.எஸ்.ஐ.க்குப் போக மாட்டார்கள். மருமகன் வண்டி சிமிட்டியது.

அடுத்த கேள்வி, காரில் இருப்பது எந்த வகை என்பது. ஒவ்வொரு டயருக்கும் தனித்தனியாக எண் காட்டினால் வீலுக்குள்ளேயே சென்சார் இருக்கிறது. எண்ணே காட்டாமல் விளக்கு மட்டும் என்றால் அநேகமாக அது ஏ.பி.எஸ். பிரேக்கின் வேக சென்சார்களை வைத்துக் கணக்குப் போடும் வகை. காற்று குறைந்த டயரின் சுற்றளவு கொஞ்சம் சுருங்கும், அதனால் மற்ற மூன்றைவிட வேகமாகச் சுற்றும். அதைக் கண்டுபிடித்து விளக்கைப் போடும். இந்த வகையில் வீல் மாற்றினால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைச் சரியாக வைத்து, மெனுவிலோ பட்டனிலோ ரீசெட் கொடுத்து, கொஞ்ச தூரம் ஓட்டுவது. காற்றைச் சரிபார்க்காமல் ரீசெட் அழுத்தினால் இருக்கிற குறைவையே சரியான அளவென்று கார் மனப்பாடம் செய்துகொள்ளும். பிறகு அந்த விளக்கு எரியாது. எரியாத விளக்கு எரிகிற விளக்கைவிட ஆபத்தானது என்பது ஆலையில் படித்த பாடம்.

மருமகன் கார் முதல் வகை. வீலுக்குள் சென்சார். வால்வின் அடிப்பக்கம், ரிம்முக்கு உள்ளே, திருகி வைத்திருப்பார்கள். அதற்குள் அழுத்தம் அளக்கும் சில்லு, சின்ன லித்தியம் பேட்டரி, ரேடியோ. நம் நாட்டு வண்டிகளில் வழக்கமாக 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. ஒவ்வொரு சென்சாருக்கும் தனி அடையாள எண் உண்டு. காரின் கணினிக்குத் தன் நான்கு எண்கள் மட்டும் தெரியும், மற்றவை காதில் விழுந்தாலும் கண்டுகொள்ளாது. பக்கத்தில் நிற்கும் அடுத்தவன் கார் டயரைப் பற்றி நம் கார் கூச்சல் போடாமல் இருக்க வேண்டும் அல்லவா!

இப்போது அந்த வெளியூர்க் கடையில் நடந்ததை யூகிக்கலாம். பழைய வீல்களை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டார்கள், உள்ளே இருந்த நான்கு சென்சார்களோடு. புது அலாயில் சாதாரண ரப்பர் வால்வைச் சொருகி அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொரு சென்சாரும் சில ஆயிரம் ரூபாய். மருமகன் போன் போட்டதற்கு, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுண்ணே, லைட்டு எரிஞ்சா எரிஞ்சிட்டுப் போவுது" என்று பதில் வந்தது. நேரில் போய் நின்ற பிறகு எடுத்துக் கொடுத்தார்கள். மூன்று நல்ல நிலையில் இருந்தன. நான்காவது, டயரை ரிம்மிலிருந்து பிரிக்கும்போது லிவர் பட்டு உடைந்திருந்தது. வால்வுக்கு நேராக லிவரையோ மிஷினின் தட்டையோ வைக்கக் கூடாது என்பது சென்சார் வண்டிக்கு முதல் விதி. அந்தக் கடையில் அதைச் சொல்லிக் கொடுத்தவர் யாரும் இல்லை போலும்.

மூன்றை எங்கள் ஊர் பஞ்சர் கடையில் புது வீலுக்கு மாற்றினோம். வால்வின் அடியில் இருக்கும் ரப்பர் வாஷரைப் புதிதாகப் போடவேண்டும். பழசையே வைத்தால் ஒரு வாரத்தில் கசியும். நட்டை முழு பலத்தில் முறுக்கக் கூடாது, அலுமினியம் தாங்காது. வால்வுக்குள் போகும் ஊசி நிக்கல் பூச்சு உள்ளதாக இருக்க வேண்டும். சாதாரணப் பித்தளை ஊசியைப் போட்டால் மழைத் தண்ணீரும் மண்ணும் சேர்ந்து அலுமினியத்தோடு அரித்து இறுகிப்போய், அடுத்த தடவை கழற்றும்போது வால்வே கையோடு வரும். பித்தளை மூடிக்கும் இதே கதை. பிளாஸ்டிக் மூடி போதும். கடைக்காரர் எல்லாவற்றையும் ஒரு தடவை கேட்டுக்கொண்டார். சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குமிழி வருகிறதா என்று பார்க்க மட்டும் அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை, அதில் அவர் எனக்கு மேலே.

பழைய மூன்றின் எண்கள் காருக்குத் தெரிந்தவைதான். சங்கராபுரம் சாலையில் ஒரு கால் மணி நேரம் ஓட்டியதும் மூன்றும் பேச ஆரம்பித்தன. பேட்டரியை மிச்சம் பிடிக்க வண்டி நிற்கும்போது சென்சார் தூங்கும், உருண்டால்தான் விழிக்கும். கடை வாசலில் நின்றுகொண்டு திரையைப் பார்த்து ஏங்கிப் பயனில்லை. முன் இடது பின் வலதாகக் காட்டியது, இடம் மாறி மாட்டியதால். அதைக் கண்டுபிடிக்க ஒரு டயரில் கொஞ்சம் காற்றை இறக்கினால் போதும், எந்த எண் இறங்குகிறது என்று தெரிந்துவிடும்.

சிக்கல் நான்காவதில். புது சென்சார் வாங்கலாம். ஆன்லைனில் வாங்கினால் 315 மெகாஹெர்ட்ஸ் வந்து சேரலாம். அது அமெரிக்க வண்டிகளின் அலைவரிசை, படத்தில் இரண்டுக்கும் ஒரே முகம். சரியானதே வந்தாலும் அது பெட்டிக்குள் ஆழ்ந்த தூக்கத்தில் இருக்கும். அதைத் தட்டி எழுப்பவும் அதன் எண்ணைப் படிக்கவும் 125 கிலோஹெர்ட்ஸில் பேசும் கையடக்கக் கருவி வேண்டும். பிறகு அந்த எண்ணைக் காரின் கணினியில் எழுத வேண்டும். சில கார்களில் ஓட்டினாலே தானாகக் கற்றுக்கொள்ளும், சிலவற்றில் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி. துளையில் செருகி எழுத வேண்டும். எது எந்த மாடலுக்கு என்பதைக் கையேடு சொல்வதில்லை. "டீலரை அணுகவும்" என்ற ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறது. டீலரோ வேறு ஊரில். ஒரு நாள் வாடகையை விட்டுவிட்டு, டீசல் போட்டுக்கொண்டு போய், பத்து நிமிட வேலைக்கு மத்தியானம் வரை உட்கார்ந்து வந்தான்.

இதை அவனுடைய தனிக் கஷ்டமாக நான் பார்க்கவில்லை. 2020 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. மூன்றரை டன்னுக்கு உட்பட்ட வண்டியில் டியூப்லெஸ் டயரும், காற்றழுத்த சென்சாரும், பஞ்சர் ஒட்டும் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி கொடுக்கத் தேவையில்லை என்றது அந்தத் திருத்தம். இடம் மிச்சமாகும், மின்சாரக் கார்களில் பேட்டரி வைக்க வசதி என்று காரணமும் சொல்லப்பட்டது. நியாயமான காரணம்தான், பெரிய ஊர்ச் சாலைக்கு.

எங்கள் சாலையைச் சொல்கிறேன். அரவைக் காலம் என்றால் கரும்பு ஏற்றிய டிராக்டரும் லாரியும் ஆலையை நோக்கி வந்துகொண்டே இருக்கும். ஒதுங்கினால் தார் முடிந்து விளிம்பு உடைந்த இடத்தில்தான் வீல் இறங்கும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறந்துவிட்டார்கள். அப்படி ஒரு மழை போன பிறகு சாலையில் எத்தனை பள்ளம் மிஞ்சும் என்று சொல்ல வேண்டுமா? மலைக்குப் போகும் வழியில் கச்சிராயபாளையம் தாண்டினால் கூர்க்கல். அது டயரின் நடுவில் குத்தாது, பக்கவாட்டில் கிழிக்கும். கிட்டில் வரும் பசை, ஆணி குத்திய சின்ன ஓட்டையை அடைக்கும். பக்கவாட்டுக் கிழிசலுக்கு அது தண்ணீர். வெள்ளிமலை வளைவில், போனில் சிக்னல் இல்லாத இடத்தில், கிழிந்த டயரோடு நிற்பவருக்குப் பசை பாட்டிலால் என்ன ஆகும்? ஸ்டெப்னி வேண்டும். ஜாக்கி வேண்டும். வீல் ஸ்பேனர் வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. டயருக்குள் ஊற்றுகிற பசை சென்சாரின் சின்னத் துளையை அடைத்துவிடக்கூடும். அடைத்தால் சென்சார் தப்பான அழுத்தம் காட்டும், அல்லது பேசாமல் நின்றுவிடும். கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், இல்லையென்றால் புதிது. சென்சாரும் பசையும் சேர்ந்து ஸ்டெப்னிக்கு மாற்று என்று விதி சொல்கிறது; ஒன்றைப் பயன்படுத்தினால் மற்றது கெடலாம் என்று பசை பாட்டில் லேபிளில் பொடி எழுத்தில் இருக்கிறது. ஊரில் பஞ்சரே ஆகாது என்று சொல்லி டயருக்குள் திரவம் ஊற்றி விற்கிறார்களே, அதற்கும் இதே எச்சரிக்கை.

சென்சாரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது எப்படி வந்தது என்று பார்த்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். 2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் அறுபத்தைந்து லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் கார்களில் ஓடும்போதே டயரின் மேற்பட்டை கழன்று, வண்டி உருண்டு, இருநூறுக்கு மேற்பட்ட உயிர்கள் போயிருந்தன. அந்தக் காருக்கு ஃபோர்டு சொன்ன காற்று 26 பி.எஸ்.ஐ., டயர் கம்பெனி பின்னர் சொன்னது 30. காற்று குறைந்தால் டயரின் தோள் மடங்கி மடங்கி உள்ளுக்குள் சூடேறும், வெயில் காலத்தில் முழு லோடோடு வேகமாகப் போனால் பிரிந்துவிடும். அதே ஆண்டு அங்கே சட்டம் வந்தது. 2007 செப்டம்பர் முதல் எல்லாப் புதுக் கார்களிலும் சென்சார் கட்டாயம். ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதல். இரண்டு இடத்திலும் எச்சரிக்கை சாதனமாக வந்தது அது.

மலை ஓட்டும் டிரைவர்களுக்கு அது நல்ல துணை, படிக்கத் தெரிந்தால். வெப்பம் ஐந்தாறு டிகிரி மாறினால் அழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. மாறும். மலையிலிருந்து பிரேக் அழுத்திக்கொண்டே இறங்கியதும் டயர் 38, 39 காட்டும். உடனே காற்றை இறக்கிவிடுகிறார்கள். மறுநாள் காலையில் குளிர்ந்த டயர் 29-ல் நிற்கும். சூட்டில் பார்த்த அளவை வைத்துக் காற்றை இறக்கவே கூடாது. மேலே ஏறும்போது இன்னொரு விஷயம். மூவாயிரம் அடி உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை பி.எஸ்.ஐ. குறைவு, அதனால் கை கேஜில் டயர் அந்த அளவு கூடக் காட்டும். அதே உயரத்துக்குக் குளிர் ஒரு பி.எஸ்.ஐ. குறைத்துவிடும். கிட்டத்தட்ட கணக்கு நேராகிவிடுகிறது. இரவு வெள்ளிமலையில் தங்கிக் காலையில் பார்க்கிறவர் கை கேஜுக்கும் காரின் திரைக்கும் ஒன்று இரண்டு வித்தியாசம் கண்டால் எதையும் திட்ட வேண்டாம். சென்சார் அளப்பது முழு அழுத்தத்தை, அதில் வெளிக்காற்றின் பங்கைக் கழிப்பது கணினி, அந்தக் கழித்தல் காருக்குக் கார் வேறு.

ஆனால் இந்தச் சென்சாருக்கு ஆயுள் உண்டு. உள்ளே இருக்கும் பேட்டரியைப் பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள், மாற்ற முடியாது. ஐந்திலிருந்து பத்து ஆண்டு. இங்கே நடுத்தர விலைக் கார்களில் சென்சார் பரவலாக வந்து சில ஆண்டுகள்தான் ஆகின்றன. அந்தக் கார்கள் இரண்டாம் கை, மூன்றாம் கை மாறி எங்கள் மாதிரி ஊர்களுக்கு வந்து சேர்வதும் பேட்டரிகள் ஒவ்வொன்றாகச் சாவதும் ஒரே காலத்தில் நடக்கப் போகிறது. அப்போது பஞ்சர் கடைக்காரர் கையில் என்ன இருக்கும்? கறுப்பு டேப் இருக்கும்.

வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகுகிற வெளிச் சென்சார் செட் கடையில் கிடைக்கிறதே என்று கேட்பார்கள். டேஷ்போர்டில் ஒட்டுகிற சின்னத் திரையோடு வரும், காரின் கணினியிடம் அனுமதி கேட்காது. அவசரத்துக்கு நல்லதுதான். ரப்பர் வால்வின் நுனியில் அந்த எடை வேகத்தில் ஆடி ஆடி அடியில் வெடிப்பு விடும். உலோக வால்வு இருந்தால் மட்டும் போடச் சொல்வேன். எப்படியும் அது காரின் சொந்த விளக்கை அணைக்காது.

எனக்கு வேண்டியது கடைக்காரர் கையில் அந்தக் கருவி. எண்ணைப் படித்து, எழுப்பி, ஓ.பி.டி. வழியே எழுதக்கூடிய நல்ல கருவி ஏறக்குறைய ஒரு செட் டயர் விலைக்குக் கிடைக்கிறது. மாவட்டத் தொழில் மையம் வழியாக மானியத்தோடு கடன் கொடுக்கும் திட்டங்கள் இருக்கின்றன. பஞ்சர் கடைக்காரர்களைத் தேடிப் போய்ச் சொன்னால் வாங்குவார்கள். மோட்டார் மெக்கானிக் படிக்கும் ஐ.டி.ஐ. பையன்களுக்கு இதை ஒரு வாரத்தில் கற்றுத் தரலாம். ஆனால் கருவி வாங்கியவருக்கும் கம்பெனி கதவு சாத்திவிட்டால் பயனில்லை. ஒவ்வொரு மாடலுக்கும் எண் எழுதும் முறை என்ன, எந்த அலைவரிசை, எந்த வால்வு, எந்த வாஷர் என்பதைக் கார் கம்பெனிகள் வெளியே சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-ல் மக்கள் வாக்களித்து, டீலருக்குக் கிடைக்கும் பழுதுபார்ப்புத் தகவல் தெருவோர மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும் என்று சட்டமாக்கினார்கள். நம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று இணையதளம் தொடங்கி, அதில் மோட்டார் வாகனத்தையும் ஒரு துறையாகச் சேர்த்தது. சேர்த்ததோடு சரி. டீலரின் பூட்டு அப்படியே இருக்கிறது.

வீல் விற்கிற கடைக்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். பழைய வீலை எக்ஸ்சேஞ்சில் எடுக்கும்போது உள்ளே சென்சார் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் வாடிக்கையாளரிடம் கேட்டு, பில்லில் எழுத வேண்டும். ஸ்டெப்னியில் பல கார்களுக்குச் சென்சாரே வைப்பதில்லை. அதை மாட்டினால் விளக்கு எரியத்தான் செய்யும், பயப்படத் தேவையில்லை என்பதையும் கடைக்காரர் வாயால் சொல்லி அனுப்பலாம். காசா, பணமா?

2020-ல் திருத்திய விதியை இன்னொரு முறை திருத்த ஒரு பத்தி போதும். ஸ்டெப்னி இல்லாமல் கார் விற்க அனுமதி கேட்கும் கம்பெனி, சென்சாரைப் பதிவு செய்யும் முறையை மாநில மொழிக் கையேட்டில் அச்சடிக்க வேண்டும். டீலர் அல்லாதவரின் கருவிக்கும் அந்தக் கார் பதில் சொல்ல வேண்டும். மலை மாவட்டங்களில் வாங்குபவர் கேட்டால் ஸ்டெப்னியைக் கூடுதல் விலையின்றிக் கொடுக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாத காருக்கு டிக்கியில் ஐந்தாவது வீல் கட்டாயம் என்று எழுதட்டும்.